வீக்கம் வத்திடுச்சு, காணும் பொங்கலுக்கு வண்டியில கட்டலாமா?

கால்நடை கேள்வி பதில்

(இந்த தடவை வந்ததுல குதிரை கேள்வி தான் அதிகம். ரேக்ளா சீசன் நெருங்குதுல்ல. ஒரு கேள்விக்கு கொஞ்சம் நீளமாவே பதில் எழுதியிருக்கேன், அது பல பேருக்கு இருக்கற பிரச்சனைங்கறதால.)

கேள்வி: வணக்கம் டாக்டர் சார். போன வருஷம் ஆடியில அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில ஒரு ஆண் குதிரைக்குட்டி புடிச்சிட்டு வந்தோம். ரெண்டு வயசுன்னு சொல்லி குடுத்தாங்க. இப்ப முன்பல்லு நடுவுல உள்ள ஜோடி மாத்தியிருக்கு, பக்கத்து ஜோடி இன்னும் பால்பல்லு தான். வண்டிக்கு பழக்கிட்டோம், நல்லா ஓடும். ஆவணியில ஒருநாள் பயிற்சி ஓட்டிட்டு வந்து கட்டினோம், மறுநாள் காலைல பாத்தா வலது முன்னங்கால்ல முட்டிக்கு கீழ பின்பக்கம் புடைச்சுக்கிட்டு சூடா இருக்கு. டாக்டர் வந்து பாத்துட்டு டெண்டன்ல அடின்னு சொல்லி மருந்து குடுத்தார், மூணு மாசம் ரெஸ்ட்ல விட சொன்னார். அன்னிலேர்ந்து லாயத்துலயே கட்டி போட்டிருக்கோம். இப்ப வீக்கம் வத்திடுச்சு, நொண்டல் இல்ல, கயித்த அவுத்தா துள்ளுது. திருக்கடையூர் காணும் பொங்கல் ரேக்ளாவுக்கு ரெண்டு மாசம் இருக்கு. அண்ணன் கட்டலாம்ங்குறார். சாரதி ஒருத்தர் ஒரு ஊசிய போட்டு ஓட்டிடலாம் ஒண்ணும் ஆகாதுங்குறார். எனக்கு தான் மனசு ஒப்பல. என்ன பண்றது சார்?
— ஒரு வாசகர், செம்பனார்கோவில் பக்கம்

பதில்: தம்பி, உங்க மனசு சொல்றது தான் சரி. இந்த பொங்கலுக்கு வேண்டாம். அடுத்த வருஷ பொங்கல மனசுல வச்சுக்கிட்டு இப்பலேர்ந்து வேலைய ஆரம்பிங்க, அது முடியற காரியம் தான். அண்ணன்கிட்ட இந்த பக்கத்தையே குடுத்து படிக்க சொல்லுங்க.

ஏன் வேண்டாம்ங்கறேன்னா, குதிரைக்கு முன்னங்கால்ல முட்டிக்கு கீழ சதையே கிடையாது, எலும்பு, தோலு, பின்பக்கம் ஓடுற நரம்பு அவ்வளவுதான், நம்ம ஊர்ல நரம்புன்னு சொல்றத, அதாவது சதைய எலும்போட கட்டற தசைநார தான் உங்க டாக்டர் டெண்டன்னு சொல்லியிருக்கார். அதுக்கு ரத்த ஓட்டம் ரொம்ப கம்மி, அதனால ஆறுறதும் ரொம்ப மெதுவா தான் ஆறும். நாலுகால் பாய்ச்சல்ல போறப்ப அந்த நரம்பு கிட்டத்தட்ட அறுந்து போற எல்லைக்கு பக்கத்துலயே தான் வேலை பாக்குது, உள்ளுக்குள்ள சூடு 45 டிகிரி வரைக்கும் ஏறும்னு அளந்தே பாத்திருக்காங்க. நல்ல நரம்புக்கே இந்த நிலைமைன்னா அடிபட்ட நரம்பு எப்படி தாங்கும்? அடிபட்ட இடத்துல முதல்ல உருவாகறது நல்ல முறுக்கின கயிறு மாதிரி இருக்காது, திரிக்காம குவிச்சு வச்ச தேங்காநார் மாதிரி தான் இருக்கும், இழை எல்லாம் கண்ட திசையில கெடக்கும். அது ஒரே திசையில படிஞ்சு பலம் ஆகறதுக்கு 9 மாசத்துலேர்ந்து 12 மாசம் ஆகும், சிலதுக்கு அதுக்கு மேலயும் ஆகும். வீக்கம் வத்தறது வெறும் ஆரம்பம் தான், உள்ள ஆறிடுச்சுன்னு அர்த்தம் இல்ல.

இன்னொரு விஷயம், இதுல தான் எல்லாரும் ஏமாந்து போறாங்க. வேலைய ஆரம்பிச்சு சில வாரத்துலயே குதிரைக்கு மூச்சு திரும்ப வந்துடும், அடுத்த சில மாசத்துல சதை ஏறிடும். பாக்கறவங்களுக்கு பழைய குதிரை வந்தாச்சுன்னு தோணும், குதிரையும் இழுக்கும், துடிக்கும். ஆனா அந்த நரம்பு மட்டும் இன்னும் பாதி வழியில தான் நிக்கும். ரெண்டாவது தடவை அதே இடத்துல போச்சுன்னா முதல் தடவைய விட மோசமா தான் போகும், அப்பறம் பந்தயம்ங்கற பேச்சே எடுக்க முடியாது.

பல்லு பத்தி நீங்க எழுதினது நல்லதாப் போச்சு. நடு ஜோடி விழுந்து முளைக்கறது ரெண்டரை வயசு, அடுத்த ஜோடி மூணரை வயசு, கடைசி ஜோடி நாலரை. அப்ப உங்க குட்டி ரெண்டரைக்கும் மூணரைக்கும் நடுவுல இருக்கு, நீங்க வண்டியில கட்டினப்ப இன்னும் சின்னது. முட்டிக்கு மேல எலும்பு வளர்ற இடம் மூடறதுக்கே ரெண்டு, ரெண்டரை வயசு ஆகும், முதுகெலும்பு முழுசா தேற அஞ்சு வயசு தாண்டிடும். சந்தையிலேர்ந்து கூட்டிட்டு வந்த கையோட ஏர்க்கால்ல பூட்டறது நம்ம பக்கம் வழக்கமாவே ஆயிடுச்சு, அத மாத்திக்கணும் தம்பி. இந்த குட்டிக்கு இப்ப கெடைக்கற ஒரு வருஷம் அதோட எலும்புக்கும் நல்லது தான்.

ஊசி விஷயம். வலி ஊசி போட்டா வலி தெரியாது, நரம்பு அப்படியே தான் இருக்கும், வலி தெரியாததால குதிரை முழு பலத்தோட கால ஊனும், அப்ப தான் அறுந்து போகுது. அதுலயும் சில பேரு மெடிக்கல்ல மனுஷனுக்கு விக்கற டைக்ளோஃபெனாக்க வாங்கிட்டு வந்து போடறாங்க, அது கால்நடைக்கு 2006லயே தடை பண்ணின மருந்து. காயம் பட்டு வேலைக்கு ஆகாத நிலையில உள்ள பிராணிய வேலை வாங்கறது 1960 பிராணிவதை தடுப்பு சட்டத்துல குத்தம், இதையும் அந்த சாரதிகிட்ட சொல்லி வைங்க.

சரி, இப்ப செய்ய வேண்டியது. முதல்ல ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க. ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு முன்கூட்டியே போன் போட்டு குதிரை கால் நரம்புக்கு ஸ்கேன் எந்த நாள்ல பாப்பாங்கன்னு கேட்டுக்கிட்டு போங்க, சும்மா வண்டி வச்சு ஏத்திட்டு போய் நின்னா அலைச்சல் தான். அந்த படத்த பத்திரமா வச்சுக்கணும், ரெண்டு மூணு மாசம் கழிச்சு எடுக்கற படத்தோட ஒப்பிட்டு பாத்தா தான் ஆறுதா இல்லையான்னு தெரியும். கீழ நான் சொல்ற கணக்கு எல்லாம் நடுத்தரமான அடிக்கு, உங்க ஸ்கேன்ல நரம்புல இழை அறுந்த இடம் ஓட்டை மாதிரி பெருசா தெரிஞ்சா டாக்டர் இன்னும் மெதுவா போக சொல்லுவார், அப்ப அவர் பேச்ச தான் கேக்கணும்.

நடை தான் மருந்து. மூணு மாசமா கட்டியே போட்டிருக்கீங்க, அதுல ஒரு கஷ்டம் என்னன்னா அந்த இழை எல்லாம் ஒரே திசையில படியணும்னா அதுக்கு லேசா இழுப்பு கெடைக்கணும், அசையாம நிக்கற கால்ல அது நடக்காது. அதனால கையில புடிச்சு நடத்துங்க, காலைல 10 நிமிஷம் சாயந்தரம் 10 நிமிஷம், வாரத்துக்கு 5 நிமிஷம் கூட்டுங்க, வேளைக்கு முக்கால் மணி நேரம் வர்ற வரைக்கும் வெறும் நடை தான். அதுக்கு அப்பறம் ரெண்டாவது ஸ்கேன். அது நல்லா இருந்தா தான் டிராட், அதாவது நடைக்கும் பாய்ச்சலுக்கும் நடுவுல உள்ள மெதுவான ஓட்டம், அதுவும் முதல்ல 5 நிமிஷம், நேர் ரோட்ல. டிராட்டே படிப்படியா கூட்டி ரெண்டு மாசம் போகணும், அப்பறம் காலி வண்டி, வேகம் எல்லாத்துக்கும் கடைசி, அதுக்கு முன்னாடி இன்னொரு ஸ்கேன்.

முதல் நாள் வெளியில எடுக்கறப்ப தான் ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும். மூணு மாசம் கட்டி கெடந்த இளங்குதிரை வாசல் தாண்டினதும் ரெண்டு கால்ல நிக்கும், ஒரே துள்ளல்ல எல்லாம் கெட்டுடும். கடிவாளம் போட்டு ரெண்டு ஆளு ரெண்டு பக்கம் புடிங்க. தெரிஞ்சவங்க வீட்ல சாதுவான பெரிய குதிரை இருந்தா அத கூட்டிட்டு வந்து முன்னாடி நடக்க விடுங்க, இது தானா அடங்கி பின்னாடி போகும். கொள்ளு தீனிய இப்பவே பாதிக்கு மேல குறைச்சுடுங்க, ரெஸ்ட்ல இருக்கற குதிரைக்கு பந்தய தீனி போட்டா மதம் புடிச்ச மாதிரி தான் ஆடும், அதோட முழு தீனியில நின்ன குதிரைய திடீர்னு வேலை வாங்கினா பின்தொடை சதை கல்லு மாதிரி இறுகி ஒண்ணுக்கு காபி கலர்ல போகும், உயிருக்கே ஆபத்து அது. துள்ளல் அடங்கட்டும்னு நீளக் கயித்துல கட்டி வட்டமா சுத்த விடுவாங்கல்ல, அத மட்டும் செஞ்சுடாதீங்க, வளைஞ்சு ஓடறப்ப உள்பக்க கால்ல பாரம் கோணலா விழும்.

எங்க நடத்தறது? இது அடைமழை காலம், வரப்பும் வாய்க்கா கரையும் சேறா கெடக்கும், சேத்துல குளம்பு புதைஞ்சு புடுங்கறப்ப நரம்பு இழுபடும், வழுக்கினா கேக்கவே வேணாம். நடைக்கு தார் ரோடு தான் நல்லது, கெட்டியா சமமா இருக்கறதால கால் எங்க படும்னு குதிரைக்கு தெரியும், விடியக்காலைல பஸ்ஸு வண்டி வர்றதுக்கு முன்னாடி முடிச்சுடுங்க. பாசி புடிச்ச சிமெண்ட் ரோடு பக்கம் போகாதீங்க. டிராட் ஆரம்பிக்கறப்ப மழை விட்டு மண் ரோடு இறுகியிருக்கும், அப்ப அதுல போகலாம்.

தினமும் காலைல வேலைக்கு எடுக்கறதுக்கு முன்னாடி கைய வச்சு பாக்கணும், நேத்து வேலை அதிகமா போச்சான்னு இன்னிக்கு காலைல தான் தெரியும். முதல்ல நிக்கறப்பவே ரெண்டு கால்லயும் உள்ளங்கைய வச்சு சூட்ட ஒப்பிட்டு பாருங்க. அப்பறம் கால தூக்கி முட்டிய மடக்கி புடிச்சுக்கிட்டு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல நரம்ப வச்சு முட்டியிலேர்ந்து கீழ வரைக்கும் மெதுவா அழுத்திக்கிட்டே வாங்க, நல்ல கால்ல ஓரம் கூர்மையா வழுக்கிக்கிட்டு போகும், அடிபட்ட கால்ல ஒரு இடத்துல தடிப்பா தட்டும், அது பரவால்ல, அது அப்படியே இருக்கும். ஆனா அந்த இடத்துல அழுத்தறப்ப கால வெடுக்குன்னு இழுக்குதா, நேத்த விட சூடு இருக்கா, தடிப்பு கூடியிருக்கான்னு தான் பாக்கணும். தையல் டேப் ஒண்ணு வாங்கி வாரத்துக்கு ஒரு தடவை ஒரே இடத்துல சுத்தளவு எடுத்து நோட்ல எழுதி வைங்க, கைக்கு தெரியாத வித்தியாசம் டேப்புக்கு தெரியும். கொஞ்சம் கூடியிருந்தாலும் அன்னிக்கு வேலை வேண்டாம், 20 நிமிஷம் பச்சை தண்ணிய கால்ல ஓட விட்டுட்டு முந்தின வாரத்து அளவுக்கு திரும்பி போயிடுங்க, ரெண்டு மூணு நாள்ல அடங்கலைன்னா டாக்டர கூப்பிடுங்க. நொண்டல் இருக்கான்னு பாக்க ஒரு ஆள விட்டு எதிர்ல மெதுவா டிராட்ல கூட்டிட்டு வர சொல்லுங்க, முன்னங்கால் வலின்னா வலிக்கற கால் தரையில படறப்ப தலைய மேல தூக்கும், நல்ல கால் படறப்ப தலை கீழ வரும்.

குளம்ப மறந்துடாதீங்க. மூணு மாசமா லாடம் பிரிக்காம இருந்தா முன்பக்கம் நீண்டு குதி தாழ்ந்திருக்கும், அதுவே பின்நரம்ப இழுத்துக்கிட்டு இருக்கும். நடைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே லாடக்காரர வர சொல்லி முன்பக்கத்த குறைச்சு விடுங்க, அப்பறம் 5 வாரத்துக்கு ஒரு தடவை தவறாம.

அண்ணன் பணம் போட்டிருக்கார், ஆசை பட்டிருக்கார், எனக்கு புரியுது. ஆனா குதிரைக்கு 25 வயசு வரைக்கும் ஆயுசு இருக்கு, அதுல இது மூணாவது வருஷம் தான். ரெண்டாவது ஸ்கேன் எடுத்ததும் படத்தோட எனக்கு எழுதுங்க, டிராட் எப்ப ஆரம்பிக்கலாம்னு பாத்து சொல்றேன்.

கேள்வி: டாக்டர் ஐயா, எங்க வீட்டுக்காரர் வச்சிருக்கற நாலு வயசு குதிரைக்கு பின்னங்கால்ல கம்பி கிழிச்சு காயம், அது நல்லா ஆறிடுச்சு. ஆனா ரெஸ்ட்ல இருந்தப்ப ஒரு நாள் ஒரு கால் நொண்டுது, அடுத்த வாரம் வேற கால் நொண்டுது. மூக்குக்கு மேல மூஞ்சி ரெண்டு பக்கமும் தடிச்ச மாதிரி இருக்கு. மெல்லறதுக்கும் சிரமப்படுது. தீனி தவிடும் வைக்கோலும் தான், சைடுல கோ-4 புல்லு.
— ஒரு வாசகி, வலங்கைமான்

பதில்: அம்மா, நீங்க கவனிச்சு எழுதியிருக்கறத பாத்தா காயத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, தீனியில தான் சந்தேகம் வருது. உடனே டாக்டர கூப்பிட்டு ரத்தம் எடுத்து பாக்க சொல்லுங்க. அரிசி தவிட்ல பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் இல்லவே இல்லன்னு சொல்லலாம். கோ-4 மாதிரி புல்லுலயும் வைக்கோல்லயும் ஆக்சலேட் இருக்கு, அது இருக்கற கொஞ்ச கால்சியத்தையும் புடிச்சு வச்சுக்கும், உடம்புல சேர விடாது. மாடு அத வயித்துலயே உடைச்சுடும், அதனால மாட்டுக்கு அவ்வளவா தெரியாது, குதிரைக்கு அந்த வசதி இல்ல. அப்ப ரத்தத்துக்கு கால்சியம் வேணும்னு உடம்பு எலும்புலேர்ந்து உருவ ஆரம்பிக்கும், முகத்து எலும்பு மெத்துன்னு தடிச்சு வீங்கும், பல்லு ஆடும், காலு மாத்தி மாத்தி நொண்டும். டெல்டாவுல நெல்லும் தவிடும் வைக்கோலும் தான் சுலபமா கெடைக்குது, அதனால நம்ம பக்கத்து குதிரைக்கு இது வர்றதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி, பல பேரு கால் அடின்னு நெனைச்சு காலுக்கே வைத்தியம் பாத்துக்கிட்டு இருப்பாங்க.

தவிட்ட நிறுத்துங்க. கடலைக்கொடி கெடைச்சா அத விட நல்லது இல்ல, பூஞ்சை புடிக்காததா பாத்து வாங்குங்க. குதிரைமசால், வேலிமசால் ஒரு பாத்தி போட்டீங்கன்னா போதும், இதுல எல்லாம் கால்சியம் நல்லா இருக்கு. சூபாபுல் தழை வேண்டாம், குதிரைக்கு பிடரி முடியும் வால் முடியும் கொட்டி போயிடும். வைக்கோல் வயித்த நிரப்ப கொஞ்சம் இருக்கலாம். 250 கிலோ குதிரைக்கு காய்ஞ்ச கணக்குல தினம் 4 கிலோவாவது நார்த்தீனி போகணும், அதுல பாதியாவது கடலைக்கொடி மாதிரி இருக்கட்டும். கால்சியம் பவுடர் எவ்வளவுன்னு டாக்டர் ரத்த ரிப்போர்ட்ட பாத்து சொல்லுவார். கடையில விக்கற மாட்டு தீவனம், கோழி தீவனம் எதையும் அவசரத்துக்கு கூட போடாதீங்க, சிலதுல மோனென்சின்னு ஒரு மருந்து கலந்திருக்கும், குதிரைக்கு கொஞ்சம் போனாலே இதயம் நின்னுடும்.

நொண்டல் சில வாரத்துல குறைய ஆரம்பிக்கும், எலும்பு திரும்ப கெட்டிப்பட மாசக் கணக்கு ஆகும். அது வரைக்கும் ஏறி ஓட்டறது, வண்டியில பூட்டறது ரெண்டும் கூடாது, அந்த எலும்பு லேசுல ஒடிஞ்சுடும். வீட்டுக்காரர் கிட்ட இத நீங்க தான் உறுதியா சொல்லணும்.

கேள்வி: கால் அடிபட்டு எழுந்த குதிரைய கடற்கரை மணல்ல ஓட்டினா கால் பலமாகும்ங்குறாங்களே?
— ஒரு வாசகர், தரங்கம்பாடி

பதில்: காய்ஞ்ச பொதபொதன்னு இருக்கற மணல் தான் நரம்பு அடிக்கு முதல் எதிரி. கால் புதைய புதைய நரம்பு கூடுதலா இழுபடும். கொள்ளிடத்து மணல்லயும் இதே கதை தான். அலை வந்து போற ஓரத்துல ஈரமா இறுகி கெடக்கும் பாருங்க, அதுல நடை நடத்தலாம், முட்டி அளவு தண்ணியில மெதுவா நடத்தறது காலுக்கு குளிர்ச்சியும் கூட. கடல் சீற்றமா இருக்கற நாள்ல கிட்டக்கூட போக வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணியில உப்பு போக கழுவி துடைச்சு விடுங்க, குளம்புக்கு மேல ஈரம் தங்கினா புண்ணு வரும்.

கேள்வி: எங்க குதிரைக்கு முன்னங்கால் நரம்பு தடிச்சு போச்சு. பழுக்க காய்ச்சின கம்பியில கோடு கோடா சூடு போட்டா நரம்பு இறுகிடும்னு பெரியவர் ஒருத்தர் சொல்றார். போடலாமா?
— ஒரு வாசகர், திருவையாறு

பதில்: போடாதீங்க. பெரியவர் கெட்ட எண்ணத்துல சொல்லல, ஒரு காலத்துல உலகம் பூரா செஞ்சது தான், ராணுவ குதிரைக்கெல்லாம் போட்டிருக்காங்க. பிரிட்டன்ல பிரிஸ்டல் பல்கலைக்கழகத்துல இத முறையா சோதிச்சு 1983ல முடிவு வெளியிட்டாங்க, சூடு போட்டதால நரம்பு சீக்கிரம் ஆறவும் இல்ல, பலமா ஆறவும் இல்ல. சூடு போட்ட குதிரை சில சமயம் தேறினதுக்கு காரணம் அந்த புண்ணு ஆற வரைக்கும் மாசக்கணக்குல வேலை வாங்காம விட்டது தான். அந்த ஓய்வ சூடு இல்லாமயே குடுக்கலாமே, அந்த வாயில்லா ஜீவன் ஏன் அந்த வேதனைய படணும்?

அதோட மத்த பிராணிகள விட குதிரைக்கு டெட்டனஸ் சுலபமா வந்துடும், லாயத்து மண்ணுலயும் சாணியிலயும் அந்த கிருமி இருக்கு, திறந்த புண்ணு வழியா உள்ள போனா தாடை இறுகி வால் விறைச்சு போகும், பொழைக்கறது கஷ்டம். ஏற்கனவே யாராவது சூடு போட்டுட்டாங்கன்னா இன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டி டெட்டனஸ் ஊசி போட்டுடுங்க, கூட்டிட்டு போக வழி இல்லைன்னா 1962க்கு போன் பண்ணுங்க, கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.